குளக்கரையில் ஆறு பேருக்கு ஓர் இடம்

1

2025 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை, காலை 6.20. வெப்பம் 26 பாகை. தென்கிழக்குக் காற்று. முகில் இல்லை. வீட்டில் இருந்து நடந்து வந்து பலெர்மோத் துறைமுக வாசலில் நின்றேன். நாப்போலியில் இருந்து வந்த இரவுக் கப்பல் கதவைத் திறந்து, வாகனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. நாற்பத்தோராவதாக வந்தது என் மகன் ஜெறாட்டின் காம்பர்.

காம்பர் என்றால் ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளங்காமல் போகலாம். சிறிய லொறியின் முதுகில் ஒரு வீட்டை ஏற்றி வைத்தது போல இருக்கும். ஆறு இருக்கை, ஐந்து படுக்கை, இரண்டு அடுப்பு, ஒரு கக்கூசு, நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கி. ஜேர்மனியில் இருக்கும் ஜெறாட் பழையதாக ஒன்றை வாங்கி, இரண்டு வருடமாகத் தானே திருத்தினான். அதில் மனைவி சுபாவையும் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். பலெர்மோவுக்கு அவன் வருவது நான்கு வருடங்களுக்குப் பிறகு.

அவன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினான்.

"அப்பா, ஏறுங்கோ. பின்னாலை ஹோர்ன் அடிக்கிறாங்கள்."

"நான் ஜெறின்ரை காரிலை வாறன். அவள் ஒன்பது மணிக்குத்தான் வெளிக்கிடுறாள். நீ முன்னுக்குப் போ."

கண்ணாடி மேலே ஏறியது. தங்கையின் பெயரைக் கேட்டு ஏற்றினானா, உள்ளே குளிர் போகாமல் இருக்க ஏற்றினானா என்று என்னால் சொல்ல முடியாது. அவன் முகத்தை நேரில் பார்த்தது பதினொரு விநாடி இருக்கும்.

ஜெறாட்டும் அவன் தங்கை ஜெறினும் நான்கு வருடமாகக் கதைப்பதில்லை. காரணம் ஒன்றுதான். என் மனைவி றீற்றா 2021 ஓகஸ்ட் 12, வியாழன் அதிகாலை இறந்தாள். ஜெறாட் சனிக்கிழமை மாலை வந்து சேருவதாகச் சொன்னான். நாங்கள் வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியை மூடி அடக்கம் செய்தோம். அவன் வந்தபோது 28 மணித்தியாலமும் 40 நிமிடமும் கடந்திருந்தன. தாயின் முகத்தை அவன் பார்க்கவில்லை. செய்தியைத் தொலைபேசியில் சொன்னது ஜெறின். ஆகவே முடிவும் அவளுடையது என்று எடுத்துக்கொண்டான். வாசலில் பையைக்கூட வைக்காமல், "என்னைக் கேக்காமல் அம்மாவை மூடிட்டாய்" என்று அவளைப் பார்த்துச் சொன்னான். நான் நான்கு அடி தள்ளி நின்றேன்.

மூடச் சொன்னவன் நான். தாளில் கையெழுத்து வைத்தவனும் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓகஸ்ட் 15; இத்தாலி முழுக்க மூடிக்கிடக்கும் பெருநாள். வெள்ளியை விட்டால் திங்கள்தான் என்றார்கள். திங்கள் காலை ஒன்பது வரை எண்ணினேன். 66 மணித்தியாலம். அவ்வளவு நேரம் அவளை ஒரு குளிர் அறையில் தனியே விட என்னால் முடியவில்லை. ஜெறின் என்னிடம் கேட்டாள், "அண்ணா வரட்டுமே, அப்பா?" என்று. வேண்டாம் என்றேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்று வாசலில் நான் அதைச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதன் பிறகு சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது.

இதைச் சொல்லத்தான் இந்தக் குளக்கரைப் பயணம். ஜெறாட் பிள்ளைகளுக்குச் சிசிலியைக் காட்ட வருகிறேன், ஆனால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றான். பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் நான் இருப்பது ஜெறினின் வீட்டில். அப்படியானால் இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் சந்திப்போம் என்று நான் சொன்னேன். காம்பரும் கூடாரமும் போட்டுத் தங்கும் ஒரு குளக்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம், மூன்று இரவு. இருவரும் தலையாட்டினார்கள். இடத்தைத் தெரிவுசெய்யும் வேலை என்னிடம் வந்தது.

2

நான் மன்னாரில் பத்தொன்பது வருடம் நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். காலை எட்டு மணிக்குக் குளத்தின் மட்டம் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று காவலாளி சொல்ல, பதிவது என் வேலை. சில காவலாளிகள் கட்டுக்குப் போகாமலே நேற்றைய அளவோடு அரை அங்குலத்தைக் கழித்துச் சொல்லுவார்கள். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் நானே சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். குளம் என்றால் எனக்கு அழகு அல்ல. எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம் சரிவு, எங்கே கால் புதையும் என்பதுதான்.

சிசிலியின் குளங்கள் பெரும்பாலும் நமது குளங்களைப் போல ஆற்றை மறித்துக் கட்டியவைதான். இது தெரியாமல் கோடையில் குளக்கரை என்று பதிந்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். படத்தில் தண்ணீர் கூடாரத்தின் வாசலில் நிற்கும். படம் எடுத்தது ஏப்ரலில். ஓகஸ்டில் அது வயலுக்குப் போயிருக்கும்.

யூனிலும் யூலையிலுமாக பஸ்ஸில் மூன்று குளங்களுக்குப் போனேன். முதலாவதில் கரை மரத்தில் இருந்து தண்ணீர் வரை 212 அடி நடந்தேன். அதில் 140 வெடித்த சேறு. இரண்டாவதில் அறுபது இடத்துக்கு நான்கு கக்கூசு, அதில் ஒன்றுக்குக் கொளுக்கி இல்லை. மூன்றாவதில் மட்டம் இறங்கியிருந்தாலும் கரை கல்லும் மணலுமாக இருந்தது. 38 அடியில் தண்ணீர். ஒரு மூலையில் கயிறு கட்டி, குளிக்க அனுமதி என்று பலகை போட்டிருந்தார்கள். இங்கே பல குளங்களில் குளிக்கத் தடை. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மற்றவற்றையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நிழலைக் காலையில் போய்ப் பார்க்கக்கூடாது. காலையில் எல்லா இடத்திலும் நிழல் இருக்கும். மூன்று மணிக்குப் பார்க்க வேண்டும். நிலம் மட்டமா என்று பார்க்க, தண்ணீர்ப் போத்தலைப் படுக்கவைத்து உருளுகிறதா என்று பார்த்தால் போதும். சரிவில் நிற்கும் காம்பரில் படுத்தால் இரத்தம் தலைக்கு இறங்கும், குளிர்ப்பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யாது. கக்கூசு அறுபது அடிக்குக் கிட்டவும் வேண்டாம், நூற்றைம்பது அடிக்கு அப்பாலும் வேண்டாம். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்து, அடுப்பை அடுத்தவரின் பக்கம் வைக்காமல் இருக்க வேண்டும். நமது தாளிப்பு மணம் நமக்குத்தான் மணம். கடைசியாக மின்கம்பத்தில் எத்தனை அம்பியர் என்று கேட்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு கம்பத்துக்கு ஆறு. 1380 வாற்றுக்கு மேல் போனால் ஆளி விழுந்து மின்சாரம் நின்றுவிடும். ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு கம்பம். போதும் என்று கணக்குப் பார்த்தேன்.

வாசிப்பவர்கள் கவனித்திருக்கலாம், நான் முகாம் என்று எழுதவில்லை. இதற்குத் தமிழில் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, என் ஊர்க்காரர் சூசைதாசனிடம், "பதினைஞ்சாம் திகதிக்குப் பிள்ளையளோடை முகாமுக்குப் போறம்" என்று சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "ஐயோ, ஆரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை. சந்தோசத்துக்குப் போறம்."

"முகாமுக்கோ?"

"ஓம். காசு கட்டி."

அவர் என் கையை விட்டார். "வவுனியாவிலை என்னை ஏழு மாசம் சும்மா வைச்சிருந்தவங்கள், சந்தியோகு. சாப்பாடும் தந்து. நீ காசு கட்டிப் போறாய்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து இத்தாலியர் சொல்வது போலக் கம்பெஜ்ஜோ என்றே சொல்கிறேன்.

3

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. என் அப்பா பிலிப்பு, நான் பிலிப்பு சந்தியோகு. பிள்ளைகள் சந்தியோகு ஜெறாட், சந்தியோகு ஜெறின். இத்தாலியரின் தாளில் முதலில் நோமே, அதாவது ஆளின் பெயர். பிறகு கொன்யோமே, குடும்பப் பெயர். 33 வருடங்களுக்கு முன் முதல் தாளை நிரப்பியபோது வரிசைப்படி எழுதினேன். அதனால் இந்த நகரத்தில் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் என்னை பிலிப்பு என்று என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். திருத்தப் போனால் எல்லாத் தாளையும் திருத்த வேண்டும் என்றார்கள். விட்டுவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்த நான் கம்பெஜ்ஜோவின் படிவத்தைக் கணினியில் நிரப்பும்போது அதே பிழையை விட்டேன். கை அந்த வரிசையில்தான் போகிறது. நோமே: சந்தியோகு. கொன்யோமே: ஜெறாட். அடுத்த படிவம், நோமே: சந்தியோகு. கொன்யோமே: ஜெறின். ஒரே திகதி, ஒரே தொலைபேசி எண், இரண்டு இடம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை 10.50. ஜெறினின் காரில் நான், அவள், அவள் மகள் ஸ்தெல்லா. மருமகன் அன்ரன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. ஓகஸ்ட் 15 அவருக்கு வருடத்தின் மிக நீண்ட நாள். லீவு கேட்கவே இல்லை. வாசலில் காம்பர் நின்றது. ஜெறாட் கைகளைக் கட்டிக்கொண்டு வரவேற்புக் கொட்டிலுக்கு வெளியே நின்றான். ஜெறின் காரைவிட்டு இறங்கவில்லை.

உள்ளே இருந்த பொறுப்பாளர் சின்யோராவுக்கு அறுபது வயது இருக்கும். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, தாத்தா என்னும் பொருளில் நொன்னோ என்று என்னைக் கூப்பிட்டார்.

"நொன்னோ, நீங்கள் ஒருவர்தானே? சந்தியோகு."

"சந்தியோகு நான். இவர்கள் என் பிள்ளைகள். இரண்டு பேர்."

"இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். முதல் தரம் ஜெறாட், பிறகு ஜெறின். எழுத்துப் பிழை விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டேன். சந்தியோகு என்று ஓர் ஆள், ஓர் இடம்."

"அழித்த இடம்?"

"நாளைக்குப் பெருநாள், நொன்னோ. அது யூலையிலேயே போய்விட்டது. நாய் கட்டவும் இடம் இல்லை."

அவர்மேல் பிழை இல்லை. படிவத்தில் இருந்ததை வாசித்தார். ஓர் இடத்துக்கு ஆறு பேர்தான் விதி. நாங்கள் ஏழு. அடையாள அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பதிந்தார். இங்கே ஓர் இரவு தங்கினாலும் பொலிசுக்குப் பெயர் போக வேண்டும். ஆறு அட்டை பதிந்த பிறகு என்னுடையதைத் திருப்பித் தந்தார்.

"உங்களைப் பகல் பார்வையாளர் என்று போடுகிறேன். இரவு பத்துக்குப் பிறகு வெளியில் நடமாடாதீர்கள். நான் ஒன்றும் பார்க்கவில்லை."

வெளியே வந்து இருவரிடமும் சொன்னேன். ஜெறாட் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான்.

"அப்பா, நீங்கள் வேணுமெண்டே செய்தனீங்களோ?"

"இல்லை."

"முப்பத்திமூண்டு வருசமாய் இஞ்சை இருக்கிறியள். நோமே எது, கொன்யோமே எது எண்டு தெரியாதோ?"

காருக்குள் இருந்து ஜெறின் குரல் கொடுத்தாள். "அப்பா, பிள்ளை வெயிலிலை காயுது. இருக்கிறதோ, திரும்புறதோ? கேட்டுச் சொல்லுங்கோ."

மூன்றடி தூரத்தில் நின்றவனிடம் நான் கேட்டேன். "இருக்கிறதோ, திரும்புறதோ?"

"ஜேர்மனியிலை இருந்து ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் ஓடி வந்திருக்கிறன். திரும்பச் சொல்லுறாவோ?"

நான் காரின் பக்கம் திரும்பி, "இருக்கிறதாம்" என்றேன்.

4

இடம் நீளம் பதினொரு அடிவைப்பு, அகலம் ஒன்பது. காம்பர் அதில் பாதியை எடுத்தது. மிச்சத்தில் ஜெறினின் கூடாரம். கூடாரத்தின் கயிற்றைக் காம்பரின் படியில் கட்ட வேண்டி வந்தது. உள்ளே யாராவது படியில் கால் வைத்தால் வெளியே கூடாரம் ஒரு தரம் குனிந்து நிமிரும். ஆறு முளைகளில் இரண்டு இறங்கவில்லை, கீழே கல். நிழல் மூன்று மணிக்கு நான் கணக்குப் பார்த்தபடியே வந்தது. ஆனால் அது ஒரே ஒரு நிழல். எல்லோரும் அதற்குள்தான் கதிரையைப் போட வேண்டும்.

சுபா நல்ல பிள்ளை. "மச்சாள், உள்ளுக்கு வந்து முகம் கழுவுங்கோ, இஞ்சை கண்ணாடி இருக்கு" என்று ஜெறினைக் கூப்பிட்டாள். ஜெறின் போனாள். அந்த நேரம் ஜெறாட் வெளியே வந்து சக்கரத்துக்கு ஆப்பு வைத்தான். அவள் வெளியே வந்தபோது அவன் உள்ளே போனான். அன்று முழுக்க இப்படித்தான். இடையில் நான்.

"அப்பா, அந்தக் கயித்தைக் கொஞ்சம் இளக்கச் சொல்லுங்கோ, கதவு முட்டுது."

"அப்பா, இளக்கினால் கூடாரம் விழும் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அன்று மாலை மட்டும் பதினேழு தரம் சொன்னேன்.

பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. வேறு கஷ்டம் இருந்தது. ஜெறாட்டின் மகன்கள் லூக்காஸுக்கு ஒன்பது, யோனாஸுக்கு ஏழு, ஜேர்மன் மொழிதான். ஸ்தெல்லாவுக்குப் பதினான்கு, பலெர்மோக்காரியின் இழுப்போடு இத்தாலியன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் தோளை அசைத்து இத்தாலியனில் பதில் சொல்பவள். இப்போது மூவருக்கும் பொதுவாக இருந்தது தமிழ் மட்டும்தான். அதுவும் ஆளுக்குக் கொஞ்சம்.

"இவர் என்ரை அம்மப்பா" என்றாள் ஸ்தெல்லா.

"இல்லை. அப்பப்பா" என்றான் யோனாஸ்.

"எனக்கு அம்மப்பா. உனக்கு அப்பப்பா."

"ரெண்டு ஆளோ?"

"ஒரு ஆள்தான், மக்கு."

"மக்கு எண்டால் என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்டாள். தண்ணீரை அவள் லாகோ என்றாள், அவர்கள் ஸே என்றார்கள். குளம் என்ற சொல் மூவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களே "பெரிய தண்ணி" என்று வைத்துக்கொண்டார்கள். கயிற்றுக்குள் மூன்று தலைகளும் போய் வருவதை எண்ணிக்கொண்டிருந்தேன். யாராவது எண்ண வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை 5.50க்கு எழுந்து கரைக்குப் போனேன். காற்று இல்லை. மறுகரை மலை தலைகீழாகத் தண்ணீரில் நின்றது. முந்தின நாள் நட்டு வைத்த குச்சியில் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. குளக்கரையில் தங்குவதில் உண்மையாகவே நல்லது இந்த ஒரு மணித்தியாலம்தான், அதற்குக் காசு கொடுக்கலாம். அழகாக இருக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான். றீற்றா போன பிறகு எனக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் உள்ளே ஒன்றும் அசைவதில்லை. டொக்டரிடம் சொன்னபோது வயது என்றார்.

திட்டம் ஒன்று வைத்திருந்தேன். மாலை ஐந்து மணிக்கு, நிழல் நீண்ட பிறகு, மூன்று கதிரைகளைத் தண்ணீரின் ஓரத்துக்குக் கொண்டுபோவது. இருவரையும் கூப்பிட்டு இருத்துவது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். ஆறு வசனம்.

5

ஐந்து மணி வரை அது காத்திருக்கவில்லை.

அன்று நண்பகல் 38 பாகை. சுபாவுக்குத் தலையிடி. ஜெறாட் காம்பரின் குளிரூட்டியைப் போட்டான். அதற்கு 800 வாற்று. முதல் நாளே நான் ஒரு கடதாசியில் எழுதிக் கம்பத்தில் ஒட்டியிருந்தேன்: குளிரூட்டி 800, றைஸ் குக்கர் 700, இரண்டும் சேர்த்து 1500, கம்பம் தாங்குவது 1380, ஒன்று முடிந்த பிறகு மற்றது. தமிழில் எழுதியிருந்தேன். ஆளுக்கொரு கம்பம் இருந்திருந்தால் எழுதவேண்டி வந்திராது.

12.40க்கு யோனாஸ் பசி என்றான். ஜெறின் பல்லரோவில் வாங்கி வந்த ஆட்டிறைச்சிக் கறி முதல் நாளே சமைத்தது, சோறு மட்டும் வேண்டும். அரிசியைக் கழுவி, குக்கரை மாட்டினாள். ஏழு நிமிடம் ஓடியது. பிறகு டக் என்று விழுந்தது. காம்பர் மூச்சை நிறுத்தியது போல அமைதியானது.

ஜெறாட் கதவைத் திறந்து வந்தான். கூடாரம் குனிந்து நிமிர்ந்தது.

"ஆர் குக்கரைப் போட்டது?"

நான்கு வருடத்தில் அவன் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. ஜெறின் கையைத் துடைத்தாள்.

"நான்தான். உன்ரை பிள்ளைதான் பசியெண்டு அழுதது. சோறு தின்னாமலோ இருக்கிறது?"

"உள்ளுக்கு அவள் தலையிடியிலை கிடக்கிறாள். ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போடத் தெரியாதோ?"

"இருந்திட்டுப் போகட்டும், அஞ்சு நிமிசம்..."

"கேக்கமாட்டாய். எப்பவும் கேக்காமல் செய்யிறதுதானே உன்ரை பழக்கம்."

அவள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்து இடத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த இத்தாலியர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மொழி விளங்காவிட்டாலும் விசயம் விளங்கும். நான் கம்பத்தில் இருந்து நான்கு அடியில் கதிரையில் இருந்தேன். எழும்பினேன். ஆறு வசனத்தில் ஒன்றும் வரவில்லை.

"அண்டைக்கு அவள் கேட்டவள்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னட்டைக் கேட்டவள். அண்ணா வரட்டுமே எண்டு. நான்தான் வேண்டாம் எண்டனான். கையெழுத்தும் என்ரை. அவள் உனக்குப் போன் எடுத்துச் சொன்னவள், அவ்வளவுதான்."

ஜெறாட் கம்பத்தின் சின்னக் கதவைத் திறந்து, விழுந்த ஆளியை மேலே தள்ளாமல் விரலை அதில் வைத்தபடி நின்றான்.

"நான் வாசலிலை அவளைப் பேசேக்கை நீங்கள் அங்கை நிண்டனீங்கள்."

"ஓம்."

"ஒவ்வொரு ஞாயிறும் உங்களோடை கதைச்சனான். சாப்பிட்டனீங்களோ, பிறெசர் எவ்வளவு எண்டு கேட்டனான். ஒருக்காலும் நீங்கள் அவளைப் பற்றி வாய் திறக்கேல்லை. நான் அவள்ரை பிள்ளையின்ரை முதல் நன்மைப் பூசைக்கும் வரேல்லை, அப்பா."

"ஓம்" என்றேன். 66 மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?"

ஜெறின் குக்கரின் மூடியைத் திறந்து பார்த்தாள். அரிசி பாதியில் நின்றது.

"அப்பா சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள்.

அவளும் நானும் நான்கு வருடமாக ஒரே மேசையில் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறோம். அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவள், "அண்ணா, அந்த ஏசியை நிப்பாட்டு. சோறு களியாய்ப் போகுது" என்றாள்.

அவன் உள்ளே போய்க் குளிரூட்டியை நிறுத்தினான். வெளியே வந்து ஆளியை மேலே தள்ளினான். குக்கரின் சிவப்பு விளக்கு எரிந்தது. இருவரும் அது முடியும் வரை அதன் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். இருபத்திரண்டு நிமிடம். ஜெறின் எனக்கு முதல் கோப்பை தந்தாள். சோறு அடியில் களியாகவும் மேலே அரிசியாகவும் இருந்தது. யோனாஸ் இரண்டு தரம் வாங்கினான்.

6

அன்று மாலை ஐந்து மணிக்கு நான் கதிரைகளைக் கரைக்குக் கொண்டுபோகவில்லை. ஜெறாட்டும் ஜெறினும் தாங்களாகவே கரையோரம் நடந்தார்கள். கயிறு கட்டிய மூலை வரை போய், அங்கிருந்து படகுத் துறை வரை போய், திரும்பி வந்தார்கள். ஐம்பது நிமிடம். இடையில் ஒரு தரம் நின்றார்கள். அவள் கையால் ஏதோ காட்டிச் சொன்னாள், அவன் குனிந்து முகத்தைத் தேய்த்தான். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. தாயின் கடைசிக் கிழமையைப் பற்றியதாக இருக்கும். அது அவளுக்குத்தான் தெரியும். அவனுக்கு அதைக் கேட்க நான்கு வருடம் பிந்தியிருக்கிறது. பிந்த வைத்த நான் கதிரையில் இருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெறாட் சக்கரத்து ஆப்புகளை எடுத்தான். ஞாயிறு வரை பதிந்திருந்தோம். அன்றே புறப்படுவதாகவும், இரவுக் கப்பலுக்குப் பயணச்சீட்டை மாற்றிவிட்டதாகவும் சொன்னான்.

"முதலிலை அம்மாட்டைப் போறம்."

"நானும் வாறன்" என்றேன்.

"நீங்கள் வீட்டை போங்கோ, அப்பா. நாங்கள் ரெண்டு பேரும் போட்டு வாறம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். காம்பரின் முன் இருக்கையில் அவன் பக்கத்தில் ஜெறின் ஏறினாள். பின்னால் மூன்று பிள்ளைகளும். சுபா ஜெறினின் காரை எடுத்தாள். அதில் நான்.

போவதற்கு முன் வரவேற்புக் கொட்டிலில் சின்யோரா கேட்டார், ஆறு பேர் ஓர் இடத்தில் நெருக்கமாக இருக்கவில்லையா என்று. பரவாயில்லை, கதைத்தார்கள் என்றேன். பெருநாள் நாட்களில் தங்காத இரவுக்குக் காசு திருப்பித் தருவதில்லை, அது சட்டம் என்று தயக்கத்தோடு சொன்னார். நான் கேட்கவில்லையே என்றேன்.

சுபா ஓட்ட, நான் மலைப்பாதையின் கொண்டைவளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். நகரத்துக்குள் நுழைந்த பிறகு, "மாமா, நீங்கள் அப்பவே சொல்லியிருந்தால் ரெண்டு கிழமையிலை முடிஞ்சிருக்கும்" என்றாள். ஓம் என்றேன். கொண்டைவளைவுகள் 31.

இதை எழுதும்போது அது நடந்து ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. ஐந்திலும் ஜெறாட் அழைத்தான், எனக்கு அல்ல, ஜெறினின் தொலைபேசிக்கு. அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கிறாள். நேற்று நாற்பத்தேழு நிமிடம். சிரிப்பும் கேட்டது. வெளியே வந்து, "அப்பா சாப்பிட்டவரோ எண்டு கேட்டவன்" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். "நான் சொல்லிட்டன்" என்றாள். ஸ்தெல்லா லூக்காஸுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறாள், இத்தாலிய எழுத்தில். சில நேரம் வந்து ஒரு சொல்லின் பொருள் கேட்கிறாள்.

நான் வேண்டியது நடந்தது. இருவரும் கதைக்கிறார்கள்.

இடத்துக்கும் மின்சாரத்துக்கும் ஓர் இரவு 24. பெரியவர் மூவர் 21, பிள்ளைகள் மூவர் 12, பார்வையாளர் ஒருவர் 5. ஓர் இரவுக்கு 62, மூன்று இரவுக்கு 186. மூன்றாம் இரவு யாரும் தங்கவில்லை. முன்னதாக இடம் பார்க்கப் போன பஸ் கூலி மூன்று தரம் 23.40. மொத்தம் 209 யூரோ 40 சதம்.